நம் சுவரில் அவர்கள் பெட்டி

தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு கேபிள் புறப்படுகிறது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டு இறங்கி, ஜன்னல் ஓரத்தில் போட்ட துளை வழியே கூடத்துக்குள் நுழைந்து, டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் முடிகிறது. ஃபைபர் வாங்கிய வீடுகளில் இணையம் என்றால் அந்தப் பெட்டிதான். அதற்கு மின்சாரம் கொடுப்பது நாம். கரண்ட் போனால் அணைந்துவிடக் கூடாதே என்று மினி யூ.பி.எஸ். வாங்கி வைத்திருப்பதும் நாம். பிள்ளைகளின் பாடம், அலுவலக மீட்டிங், வங்கிக் கணக்கு, வெளியூரிலிருக்கும் மகளோடு அம்மா பேசும் வீடியோ கால் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன.

அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். அவற்றைக் கொடுத்து உள்ளே போனால் வைஃபையின் பெயரை மாற்றலாம், அதன் பாஸ்வேர்டை மாற்றலாம். பல பெட்டிகளில் ஏறக்குறைய அவ்வளவுதான். எந்த சேனலில் ஓட வேண்டும், டி.என்.எஸ். யாருடையது, வெளியிலிருந்து வீட்டு கேமராவுக்கு வழி உண்டா, இந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு நம் சொந்த ரௌட்டரை வைக்க முடியுமா என்பதெல்லாம் இன்னொரு கணக்குக்குள் இருக்கின்றன. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நிறுவனத்திடம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால் “அதெல்லாம் கொடுக்க மாட்டோம் சார்” என்ற பதில் வரும். ஏன் என்று கேட்டால் ரௌட்டரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள்.

நிறுவனத்தின் நெட்வொர்க் எங்கே முடிகிறது, நம் வீடு எங்கே தொடங்குகிறது? இந்த ஒரு கேள்விக்கு இந்தியாவில் இன்னும் தெளிவான விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் நிறுவனம் தன் எல்லையைக் கூடம் வரை நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் கேட்பது அது பின்வாங்க வேண்டும் என்பதைத்தான்.

பதின்மூன்று சேனல், மூன்று வழி

நம் ஊர் வீடுகளில் அன்றாடம் வரும் தொல்லை வேகம் பற்றியது. பிளான் 100 எம்.பி.பி.எஸ்., படுக்கையறையில் வருவது அதில் சிறு பங்கு. பெரும்பாலும் ஃபைபரில் கோளாறு இருக்காது. கோளாறு கடைசிப் பத்தடியில், காற்றில்.

பழைய வைஃபை அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸை இந்திய அரசு 2005-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதில் 13 சேனல்கள். ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடியவை மூன்றுதான்: 1, 6, 11. ஒரு மாடியில் நான்கு வீடு, ஐந்து மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பெட்டிகள் இந்த மூன்று வழிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே சேனலில் இருப்பவை ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும். அதனால் வேகம் குறையும், ஆனால் ஒழுங்கு கெடாது. நடுவில் ஒன்று மூன்றாம் சேனலில் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் அது வெறும் இரைச்சல். இன்னொன்று 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொண்டால் மொத்த அலைவரிசையில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

இதைச் சரிசெய்ய வீட்டுக்காரருக்கு வேண்டியது இரண்டே அமைப்புகள். சேனலை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், அகலத்தை 20-ல் நிறுத்த வேண்டும். பக்கத்து வீடுகளெல்லாம் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று போனிலேயே இலவச ஆப் காட்டிவிடும். பூட்டிய பெட்டியில் இந்த இரண்டும் ‘ஆட்டோ’வில் உறைந்து கிடக்கின்றன. அந்த ‘ஆட்டோ’ பல பெட்டிகளில் மின்சாரம் வரும் நேரத்தில் ஒருமுறை பார்த்து முடிவெடுப்பதோடு சரி. பவர் கட் முடிந்து கட்டடம் முழுக்க ஒரே நொடியில் உயிர் பெறும்போது இருபது பெட்டிகளும் ஒருசேரப் பார்த்து ஒருசேர முடிவெடுக்கின்றன. எங்கள் குடியிருப்பில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் பாதி வீடுகள் ஒரே சேனலில் குவிந்திருக்கும். புகார் சொன்ன அண்டை வீட்டாருக்குக் கிடைத்த யோசனை, மாத வாடகையில் இன்னொரு எக்ஸ்டெண்டர் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்பது. நெரிசலில் இன்னொரு பெட்டியைச் சேர்த்தால் நெரிசல் கூடும். இலவசமாக ஒரு எண்ணை மாற்றினால் தீர வேண்டிய விஷயத்துக்கு வாடகை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமமின்றித் திறந்தது. உண்மையிலேயே பெரிய வரம் அது. நெரிசல் இல்லாத விசாலமான இடம். ஆனால் அங்கேயும் ஒரு பூட்டு. பல நிறுவனப் பெட்டிகள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் இணைத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தாங்களே தீர்மானிக்கின்றன. போனுக்கு அது வசதிதான். விலை குறைந்த ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா போன்றவற்றின் உள்ளே இருக்கும் சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போன் 5-ல் இருக்க, பல்பு 2.4-ல் தேட, இணைப்பு நடக்காது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. அந்தத் தெரிவு மறைக்கப்பட்டிருப்பதால் பல்பு கெட்டுப்போனது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

பெற்றோர் கேட்கும் பூட்டு, கிடைக்காத பூட்டு

சேனலைவிட எனக்கு மனத்தாங்கல் தருவது டி.என்.எஸ். விஷயம். ஓர் இணையதளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை அது. வீட்டின் எல்லாக் கருவிகளும் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கும். வழக்கமாக அது நிறுவனத்தின் சர்வர். அதை மாற்றி, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் வடிகட்டும் ஒரு சேவையைப் போட்டுவிட முடியும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலிலிருந்து 1.1.1.3 என்ற முகவரியில் இதை இலவசமாகத் தருகிறது. ரௌட்டரில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். பையனின் டேப்லெட், கூடத்து டி.வி., வந்துபோகும் உறவுக்காரப் பிள்ளைகளின் போன் எல்லாவற்றுக்கும் அந்த வடிகட்டி வந்துவிடும். விவரம் தெரிந்த பிள்ளை தன் போனில் அதைத் தாண்டிப் போகலாம், அது வேறு. ஏழு வயதுக் குழந்தைக்கு இது நல்ல வேலி.

பூட்டிய பெட்டியில் அந்த ஓரிடம் கிடையாது. ஒவ்வொரு கருவியாக எடுத்து ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டும். சில டி.வி.க்களில் அதற்கு வழியே இருக்காது. பிள்ளைகளைக் கண்காணியுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லாத அமைப்பே நாட்டில் இல்லை. கண்காணிக்க உதவும் ஒரு கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அதைத் தொடாதே என்பது எந்த வகையில் சரி?

கேமரா கதை வேறு விதம். மகன் துபாயில், அப்பா அம்மா தஞ்சாவூரில் என்று வாழும் குடும்பங்களில் வாசலிலும் கூடத்திலும் சி.சி.டி.வி. இருக்கிறது. மகன் நேரடியாகத் தன் வீட்டு டி.வி.ஆர். என்ற கேமராப் பதிவுப் பெட்டியுடன் பேச ரௌட்டரில் ஒரு வழி திறக்க வேண்டும். திறக்கும் உரிமை கிடைத்தாலும் பல இணைப்புகளில் பலன் இருக்காது. பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோய்விட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள், வெளியிலிருந்து குறிப்பிட்ட வீட்டைத் தேடிவர வழியில்லை. இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிய வகையான ஐ.பி.வி.6 முகவரிகள் ஏராளம். அதைப் பரவலாகப் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா முன்னணியில் இருக்கிறது. வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். அதற்கு உள்ளே வர அனுமதி கொடுக்கும் அமைப்போ பூட்டியிருக்கும். கடைசியில் அம்மா அப்பாவின் கூடத்துக் காட்சி ஏதோ ஒரு நாட்டின் சர்வரைச் சுற்றிக்கொண்டு மகனிடம் போகிறது.

இவற்றுக்கெல்லாம் மக்கள் கண்டுபிடித்த மாற்று, சொந்த ரௌட்டர் ஒன்றை வாங்கி நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் சொருகுவது. இரண்டு பெட்டி, இரண்டு அடாப்டர். பழைய பெட்டியின் வைஃபையை அணைக்க முடியாததால் இரண்டும் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும். கருவிகளின் உள்வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடப்பதால் ஆன்லைன் கேம், அலுவலக வி.பி.என். சில நேரம் முரண்டு பிடிக்கும். ‘பிரிட்ஜ் மோடு’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் போட்டால் நிறுவனப் பெட்டி ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவதோடு ஒதுங்கிக்கொள்ளும், மற்ற எல்லாவற்றையும் நம் ரௌட்டர் பார்த்துக்கொள்ளும். அதுவும் அந்தப் பூட்டிய கணக்குக்குள்தான்.

அவர்கள் சொல்லும் காரணம்

நிறுவனங்களின் பக்கமும் உண்மை இருக்கிறது, அதை மறைத்து எழுதக் கூடாது. நம் ஊர் ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற தொழில்நுட்பம். தெருவில் ஒரே இழையை ஸ்பிளிட்டர் என்ற கண்ணாடிப் பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. கீழே வரும் வேகம் விநாடிக்கு 2.5 கிகாபிட்; மேலே போவது 1.25 கிகாபிட். மேலே அனுப்பும்போது எல்லா வீடுகளும் ஒரே இழையைப் பயன்படுத்துவதால் ஒவ்வொரு பெட்டிக்கும் நுண்ணிய கால அளவில் முறை ஒதுக்கப்படுகிறது. ஒரு பெட்டி கெட்டு, தன் முறை இல்லாதபோதும் ஒளி பாய்ச்சினால் அந்த ஸ்பிளிட்டரில் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் நெட் போய்விடும். எந்த வீட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்க லைன்மேன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டு வெயிலில் அலைய வேண்டும். ஒளி சம்பந்தப்பட்ட பகுதியைப் பூட்டி வைக்க இது போதுமான காரணம்.

வைஃபை சேனலுக்கும் அந்த ஒளிக்கும் சம்பந்தமே இல்லை. டி.என்.எஸ்.ஸுக்கும் இல்லை. ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு வேலைகளையும் அடைத்தது செலவு குறைய. அடைத்தபின் ஒன்றுக்கான பூட்டை இரண்டுக்கும் போட்டுவிட்டார்கள். ரேடியோ அலையின் சக்திக்கு அரசு வரம்பு உண்டு, அதை வாடிக்கையாளர் மீறக் கூடாது என்பதும் சரிதான். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. இதுபோன்ற வரம்பைக் காரணமாக வைத்து 2016-ல் டிபி-லிங்க் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தபோது 2 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சொன்னது. கூடவே, வரம்பைக் காத்துக்கொண்டே வெளியார் எழுதும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கும் இடம்கொடுக்க வழி காணும்படி உடன்பாடு செய்துகொண்டது. பூட்ட வேண்டியதைப் பூட்டிவிட்டு மீதியைத் திறந்து வைக்க முடியும் என்று ஓர் அரசு அமைப்பே ஒப்புக்கொண்ட இடம் அது.

பூட்டினால்தான் பாதுகாப்பு என்றும் சொல்கிறார்கள். இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். வீட்டுப் பெட்டிகளைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்த 2004-ல் டி.ஆர்.-069 என்ற நெறிமுறை வந்தது. பெட்டி அவ்வப்போது நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டுக் கட்டளை வாங்கிக்கொள்ளும். பயனுள்ள ஏற்பாடுதான், ஆள் வராமலே பழுது பார்க்கலாம். 2016 நவம்பர் இறுதியில் மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, இந்த வசதிக்காகத் திறந்திருக்கும் 7547-ஆம் போர்ட்டைக் குறிவைத்து உலகெங்கும் தட்டிப் பார்த்தது. ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடைபட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரௌட்டர்களை மூன்று நாள்களுக்குள் ஒரு தீநிரல் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்தது. மென்பொருளால் மீட்க முடியவில்லை, பெட்டிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே மாடல், ஒரே மென்பொருள், தூரத்தில் ஒரே நிர்வாகி என்றிருக்கும்போது ஓர் ஓட்டை எல்லா வீடுகளுக்கும் ஓட்டை. வீட்டுக்காரர் அதை அடைக்க விரும்பினாலும் அவரிடம் அதற்கான கணக்கு இல்லை.

மீட்டருக்கு இந்தப் பக்கம்

மின்வாரியத்தின் கம்பி மீட்டரில் முடிகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் எந்த ஃபேன், எந்த மிக்ஸி, எத்தனை பல்பு என்று வாரியம் கேட்பதில்லை. இணையத்திலும் அப்படி ஒரு மீட்டர்ப் புள்ளியைச் சட்டத்தால் குறித்துக் காட்டிய நாடு ஜெர்மனி.

அங்கே சில நிறுவனங்கள் தாங்கள் தரும் ரௌட்டரைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திவந்தன. தொலைபேசி எண்ணுக்கான ரகசியக் குறியீடுகளை வாடிக்கையாளரிடம் தராமல் வைத்துக்கொண்டால் போதும், வேறு ரௌட்டர் வேலை செய்யாது. ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2013-லிருந்து இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. ரௌட்டர் தயாரிப்பாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2015 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்ற, 2016 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் நெட்வொர்க் சுவரிலுள்ள சாக்கெட்டோடு முடிகிறது என்பது அதன் சாரம். அதற்கு அப்பால் எந்தப் பெட்டி என்பது வாடிக்கையாளர் விருப்பம். இணைப்புக்குத் தேவையான பயனர் பெயர், பாஸ்வேர்டு அனைத்தையும் ஒப்பந்தம் போடும்போதே, கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். அந்த ‘கேட்காமலே’தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று சொல்ல மாட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு இணைய ஒழுங்குமுறையும் தங்களுக்கு விருப்பமான கருவியைப் பயன்படுத்தும் உரிமையைப் பயனாளிகளுக்குக் கொடுத்தது. அதை வைத்து இத்தாலி 2018-ல் விதி செய்தது. அமெரிக்காவில் கதை பணத்தில் தொடங்கியது. சொந்த ரௌட்டர் வைத்திருப்பவரிடமும் ரௌட்டர் வாடகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2019 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அதைத் தடுத்தது.

இவற்றுக்கெல்லாம் மூத்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு, இந்த விவாதத்தில் அதை யாரும் மறக்கக் கூடாது. டெக்சஸ்காரரான தாமஸ் கார்ட்டர் என்பவர், வெட்டவெளியில் வேலை செய்பவர்களின் வயர்லெஸ் ரேடியோவையும் தொலைபேசியையும் இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியைச் செய்து விற்றார். அந்நியக் கருவி எதையும் எங்கள் லைனில் சேர்க்கக் கூடாது, நெட்வொர்க் கெட்டுவிடும் என்றது தொலைபேசியை ஆண்டுகொண்டிருந்த ஏ.டி.&டி. நிறுவனம். 1968-ல் எஃப்.சி.சி. கார்ட்டர் பக்கம் தீர்ப்பளித்தது: நெட்வொர்க்குக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம். அதன்பின் பதிலளிக்கும் இயந்திரம், ஃபேக்ஸ், மோடம் என்று வரிசையாக வெளியாரின் கருவிகள் வீட்டுத் தொலைபேசி லைனுக்குள் வந்தன. அந்த மோடம் வழியாகத்தான் இணையம் முதன்முதலில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. நெட்வொர்க் கெட்டுவிடும் என்ற அச்சம் அன்று வென்றிருந்தால் இன்று பூட்டி வைக்க இந்தப் பெட்டிகள் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இங்கே என்ன செய்யலாம்

ஜெர்மனியில் இருப்பது போன்ற சட்டம் இந்தியாவில் இல்லை. முடியாத காரியமும் அல்ல. மொபைல் எண் நிறுவனத்தின் சொத்தாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்று ஆனது. டி.டி.எச்., கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று 2020-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. அதன் கண் ரௌட்டர் மீதும் விழ வேண்டும். பி.எஸ்.என்.எல். ஃபைபரில் ஓ.என்.டி. என்கிற அந்த ஒளிப் பெட்டியை வாடிக்கையாளரே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. தெருவின் ஸ்பிளிட்டர்கள் அதனால் செத்துவிடவில்லை.

நான் கேட்பது ஜெர்மனியளவுகூட இல்லை. ஒளிப் பகுதியை நிறுவனம் பூட்டிக்கொள்ளட்டும். வைஃபையை அணைக்கவும் சேனலை மாற்றவும் டி.என்.எஸ். மாற்றவும் பிரிட்ஜ் மோடு போடவும் வீட்டுக்காரருக்கு உரிமை வேண்டும். பெட்டியின் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும் என்று எழுதித் தர வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. அந்த இழைகள் வீடுகளுக்குள் நுழையும்போது போடும் ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனைகளை மாநில அரசே எழுதலாம், டெல்லியின் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை புதிதாக இணைப்பு எடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பு பேசுங்கள். ஃபைபர்காரர் துளை போட்டு, பெட்டி மாட்டி, ஆறு மாதப் பணமும் வாங்கிவிட்டால் அதன்பின் நம் கேள்விக்கு மதிப்பு குறைவு. பிரிட்ஜ் மோடு தருவீர்களா, இணைப்புக்குள் நுழையத் தேவையான பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தருவீர்களா, பெட்டியின் வைஃபையை அணைத்துத் தருவீர்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பல ஊர்களில் சிறிய உள்ளூர் நிறுவனங்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அவர்களின் டெக்னீஷியன் வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார். பெரிய நிறுவனம் மறுத்தால் வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் புகாராகப் பதியுங்கள். புகார் மையம், அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு படிகளை டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. பதியும்போது தரும் புகார் எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு எழுதும்போது முதல் வரியில் அந்த எண் இருக்க வேண்டும்.